ஊரடங்குக்கு ஒரு பக்கம்: ஆய்வு நிலையத்தில் இருப்பவர்களுக்கு என்ன எழுதிக் கொடுப்பது?

ஈரமண் | 2021 ஓகஸ்ட் 21, இரவு 9.10

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு சிறிய விவசாய ஆய்வு நிலையத்தில் ஆய்வு உதவியாளராக இருக்கிறேன். மொத்தம் 34 பேர். விஞ்ஞானிகள் 5, ஆய்வுகூடத்தில் 4, மாணவர்கள் 6, அலுவலகம் 4, சாரதிகள் 2, காவலாளிகள் 3, மிச்சம் பத்துப் பேர் வயல் வேலைக்கு நாட்சம்பளத்தில் வருபவர்கள்.

நேற்று இரவு 10 மணிக்குக் கொரோனா ஊரடங்கு தொடங்கிவிட்டது. பணிப்பாளர் காலையில் அழைத்து, “திங்களுக்குள் எல்லாருக்கும் விளங்கிற மாதிரி ஒரு பக்கத்தில் எழுதித் தா பிள்ளை” என்றார். மாதிரிக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் வழிகாட்டியை அனுப்பினார். 19 பக்கம். வீட்டிலிருந்து வேலை செய்யும்போது கதிரையின் உயரத்தைச் சரிபாருங்கள், மனிதவளப் பிரிவோடு தொடர்பில் இருங்கள் என்று போகிறது. எங்கள் மனிதவளப் பிரிவு அலுவலக லாச்சிக்குள் இருக்கும் வரவுப் புத்தகம்தான். காவலாளி அண்ணைக்குக் கதிரையே இல்லை, வாங்குதான்.

எனக்குத் தெரியாமல் முழிப்பவை இவை. டீப் ஃபிரீசரில் மூன்று வருச மாதிரிகள் இருக்கின்றன. சிறுபோக நெற்பரிசோதனை அறுவடைக்கு வந்து நிற்கிறது, 24 தட்டு (பரிசோதனைப் பாத்தி). இரண்டு மாணவிகள் ஊருக்குப் போக முடியாமல் விடுதியில். விவசாயிகளிடம் நேரில் போய்க் கேட்க வேண்டிய கணக்கெடுப்பு ஒன்று பாதியில். 2020இல் இதையெல்லாம் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

முறிகண்டியான் | ஓகஸ்ட் 21, இரவு 9.48

30ஆம் திகதி எடுப்பார்கள் என்று நம்பி எழுதவேண்டாம் தங்கச்சி. போன வருசம் மார்ச் 20, ஒரு வெள்ளி மாலை 6 மணிக்குப் போட்டு திங்கள் காலை எடுப்பதாகத்தான் சொன்னார்கள். பிறகு கிழமைக்கணக்கில் இழுத்தது. ஆறு கிழமைக்குக் கணக்குப் போட்டு எழுதுங்கள். முந்தி முடிந்தால் லாபம்.

“அத்தியாவசியப் பணியாளர்கள் மட்டும் வரவும்” என்று எழுதிவிடாதீர்கள். எல்லாரும் தன்னை அத்தியாவசியம் என்றுதான் நினைப்பார்கள். எங்கள் இடத்தில் அப்படி எழுதி, முதல் நாளே 20 பேர் வந்து நின்றார்கள். பெயரைப் போடுங்கள். திங்கள், புதன், வெள்ளி இவர். செவ்வாய், வியாழன், சனி அவர். இரண்டு அணி, ஒன்றின் முகத்தில் மற்றது முழிக்கக்கூடாது. ஒரு அணியில் ஒருவருக்கு வந்தாலும் மற்ற அணி கதவைத் திறக்கும்.

அணி பிரித்தபிறகு தேத்தண்ணிக்கு ஒன்றாக இருந்தால் பிரித்ததில் அர்த்தமில்லை. எங்களுக்குத் தொற்றியது ஆய்வுகூடத்தில் இல்லை. அங்கே எல்லாரும் முகக்கவசத்தோடுதான் நின்றார்கள். குளிரூட்டி போட்ட சின்ன அறையில், பத்தரை மணித் தேத்தண்ணிக்குக் கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கதைத்த இருபது நிமிடத்தில்தான் போயிற்று. ஒரு கேத்தல், ஐந்து கோப்பை, நாலு பேருக்கு வருத்தம்.

வேப்பநிழல் | ஓகஸ்ட் 21, இரவு 10.15

மேலே சொன்னது சரி. மேசை கதிரை துடைப்பதில் காட்டும் கவனத்தை யன்னல் திறப்பதில் காட்டுவது நல்லது. இது காற்றில் நிற்கிற கிருமி.

மண்ணின் சுவாசம் அளக்கும் காபனீரொட்சைட்டு மானி உங்களிடம் இருக்குமே? அதை அலுவலக மேசையில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். வெளிக்காற்றில் 420 ppm (பத்து இலட்சத்தில் 420 பங்கு) அளவில் நிற்கும். அறைக்குள் 800 தாண்டினால், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் கணிசமாக எடுக்கிறார் என்று அர்த்தம். நாங்கள் குளிரூட்டி அறைக்குள் ஐந்து பேர் கூட்டம் வைத்து அளந்தபோது 1,400ஐத் தாண்டியது. எதிரெதிரே இரண்டு யன்னலைத் திறந்து மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வைத்தோம், மளமளவென்று இறங்கியது. இலக்கத்தைக் கண்ணால் கண்ட பிறகு பணிப்பாளரே குளிரூட்டியின் றிமோட்டை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டார். வன்னி வெயிலில் இது பெரிய தியாகம்.

பழையஆய்வுகூடம் | ஓகஸ்ட் 22, காலை 6.20

பிள்ளை, நான் 31 வருசம் ஆய்வுகூடத்தில் நின்று ஓய்வு பெற்றவன். இடம்பெயர்ந்து ஆய்வுகூடத்தைத் தட்டிவானில் ஏற்றிய காலமும் பார்த்திருக்கிறேன். ஃபிரீசர் கதையை நான் சொல்கிறேன்.

பூட்டுவதற்கு முதல் ஒருக்கா சுற்றி நடவுங்கள். கையில் கொப்பி இருக்கட்டும். காய்ச்சி வடிக்கும் இயந்திரம் நிறுத்தியாச்சா என்று பாருங்கள். தண்ணீர் நின்று சூடாக்கி மட்டும் ஓடினால் எரிந்துபோகும், அதற்கு உதிரிப்பாகம் இப்போது எங்கே எடுப்பது? வாயுச் சிலிண்டரின் தலைத் திருகைப் பூட்டுங்கள், மானியில் உள்ள திருகை மட்டும் பூட்டிவிட்டுப் போகவேண்டாம். அமிலப் போத்தல்கள் கீழ்த்தட்டுக்கு. பெயர் எழுதாத போத்தல் ஒன்று எப்படியும் இருக்கும். அது யாருடையது என்று இன்றைக்கே கேளுங்கள். ஆறு கிழமை கழித்து அவருக்கே ஞாபகம் இராது.

ஃபிரீசர் நிரம்பியிருந்தால், கதவைத் திறக்காமல் விட்டால், கரண்ட் போனாலும் இரண்டு நாள் அளவுக்குத் தாங்கும். பாதி காலியாக இருந்தால் ஒரு நாள்தான். ஆகவே காலி இடத்தைத் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்புங்கள், மேலே கொஞ்சம் இடம் விட்டு, இல்லாவிட்டால் வெடிக்கும். கரண்ட் போன நேரம் “எப்படி இருக்கிறது பார்ப்போம்” என்று திறக்கிற ஆள்தான் மாதிரியைக் கெடுக்கிற ஆள்.

இன்னொரு வேலை. ஒரு பிளாஸ்ரிக் கோப்பையில் தண்ணீர் விட்டு உறைய வையுங்கள். உறைந்த பிறகு மேலே ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்து ஃபிரீசருக்குள் விடுங்கள். திரும்பி வரும்போது குற்றி மேலேயே இருந்தால் நல்லது. அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது முழுதாக உருகித் திரும்ப உறைந்திருக்கிறது. வெப்பநிலை காட்டும் திரை அப்போதும் −20 என்றுதான் காட்டும், அது இந்த நிமிடத்தை மட்டும்தான் சொல்லும். குற்றிதான் நடந்ததைச் சொல்லும்.

மண் மாதிரி எல்லாவற்றையும் குளிரில் அடைக்கவும் தேவையில்லை. பொசுபரசு, பொட்டாசியம், காரகாடித்தன்மைக்கு (pH) என்றால் நிழலில் கடதாசியில் பரப்பிக் காயவிட்டு, 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரித்து, பையில் கட்டிப் பெயரெழுதி வையுங்கள். அது எங்கும் போகாது. நைத்திரேற்றுக்கு எடுத்த ஈர மண்தான் பிரச்சினை. அதை வைத்திருந்தால் நுண்ணுயிர் தன் வேலையைக் காட்டிவிடும். இன்றைக்கே பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசலில் பிரித்தெடுத்து, வடித்த கரைசலை உறைய வையுங்கள்.

இரண்டாவது முறை எடுக்கவே முடியாத மாதிரி எது என்று பார்த்து, அதைப் பாதி பாதியாக இரண்டு ஃபிரீசரில் வையுங்கள். ஜெனரேற்றருக்கு டீசல் எவ்வளவு இருக்கிறது, யாருக்குப் போடத் தெரியும் என்பதைக் கதவில் ஒட்டுங்கள். காவலாளிக்குத் தெரிய வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அங்கே நிற்கப்போவது அவர்தான், விஞ்ஞானி இல்லை.

கொழும்பிலிருந்துநான் | ஓகஸ்ட் 22, காலை 8.05

கோபிக்க வேண்டாம். 24 தட்டு நெல்லுக்காக ஆட்களை வெளியே எடுப்பது சரியா? இங்கே ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. ஒரு போகம் போனால் அடுத்த போகம் செய்யலாம். உயிர் போனால் வராது. நானென்றால் பரிசோதனையை நிறுத்தச் சொல்லித்தான் முதல் வரி எழுதுவேன்.

ஈரமண் | ஓகஸ்ட் 22, காலை 8.40

கோபமில்லை அண்ணா. அதே கேள்வியோடுதான் நானும் படுத்து எழும்பினேன். ஆனால் இது நைதரசன் பரிசோதனை. நாலு அளவு யூரியா, இரண்டு நெல்லினம், ஒவ்வொன்றும் மூன்று தட்டில். மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்துவிட்டது. கையிருப்பில் இருந்த யூரியாவைத்தான் போட்டோம். காலபோகத்துக்குத் திரும்பச் செய்யப் பை எங்கே எடுப்பது? சனம் யூரியா இல்லாமல் விதைக்கப் போகிற நேரத்தில், எவ்வளவு குறைத்தால் விளைச்சல் எவ்வளவு விழும் என்று இந்த மண்ணில் அளந்த கணக்கு எங்களிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. அடுத்த போகம் செய்யலாம் என்பது மற்ற வருசங்களில் சரி.

பழையஆய்வுகூடம் | ஓகஸ்ட் 22, காலை 8.52

போர்க்காலப் பொருளாதாரத் தடை நேரம் யூரியா வவுனியா தாண்டி வராது. பற்றரியும் வராது. மாட்டெரு, பூவரசங்குழை, அவ்வளவுதான். அதில் விளைந்ததை யாரும் அளந்து எழுதி வைக்கவில்லை, நான் உட்பட. வெட்டுங்கள் பிள்ளை. அவதானமாக வெட்டுங்கள்.

வரம்பு | ஓகஸ்ட் 22, காலை 11.30

வெளிக்களம் பார்க்கிறவன் நான். அருவி வெட்டு திறந்தவெளியில் நடக்கிறது, அங்கே ஆபத்துக் குறைவு. ஆபத்து போகிற வழியிலும் சாப்பாட்டிலும் இருக்கிறது. யன்னல் மூடிய வானில் பத்துப் பேரை அடைத்துக்கொண்டு போய், வயலில் இறக்கிவிட்டு “ஒரு மீற்றர் தள்ளி நில்லுங்கள்” என்று சொல்வதில் என்ன இருக்கிறது? உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுங்கள், ஐந்து ஐந்து பேராக, இரண்டு நடை. பெட்டிக்குள் கவசம் கட்டாயம். வயலில் தள்ளித் தள்ளி நிற்கும்போது வெயிலுக்குக் கழற்றினால் நான் பேசமாட்டேன். சயிக்கிளில் வரக்கூடியவர் சயிக்கிளில் வரட்டும்.

தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி. ஒரு செம்பை எல்லாரும் அண்ணாந்து குடிக்கிற பழக்கத்தை இந்தப் போகம் மட்டும் விடச் சொல்லுங்கள். சாப்பாடு மரத்தடியில், ஆளுக்கொரு மரம். அந்தளவு மரம் வன்னியில் உண்டு.

எதை அளப்பது, எதை விடுவது என்று இன்றைக்கே முடிவெடுங்கள். எல்லாவற்றையும் அளக்கப் போனால் நாலு நாள். கதிருக்கு எத்தனை மணி, ஆயிரம் மணி எவ்வளவு நிறை என்பதெல்லாம் பிறகும் செய்யலாம், தட்டுக்குப் பத்துக் கதிர் வெட்டிக் கடதாசிப் பையில் போட்டுக் காயவைத்தால் போதும். அன்றைக்கே எடுக்க வேண்டியது இரண்டு: ஓர வரிசைகளை விட்டு நடுவில் 2 மீற்றருக்கு 2 மீற்றர் வெட்டிய நெல்லின் நிறை, அதன் ஈரப்பதன். ஈரப்பதனை 100இலிருந்து கழித்து, 86ஆல் பிரித்து, நிறையால் பெருக்கினால் 14 வீத ஈரப்பதனுக்குரிய நிறை வந்துவிடும். ஈரப்பதன் எடுக்க மறந்தால் அந்த நிறைக்கு ஒரு பெறுமதியும் இல்லை. இரண்டு நாளில் முடியும்.

நாட்சம்பளம் | ஓகஸ்ட் 22, இரவு 7.55

வாசித்துக்கொண்டு வந்தேன். எல்லாரும் நல்லாச் சொல்கிறீர்கள். ஒன்றை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

நான் ஒரு இடத்தில் வயல் வேலைக்கும் நாற்றுமேடைக்கும் போகிறவன். எந்த இடம் என்று சொல்லமாட்டேன். மே மாதம் எனக்கு இரவில் காய்ச்சல் காய்ந்தது. காலையில் இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். வாசலில் நெற்றியில் மெசினைப் பிடித்தார்கள், 36.4 என்று காட்டியது, உள்ளே விட்டார்கள். மூன்று நாள் அப்படிப் போனேன். நாலாம் நாள் மணம் தெரியவில்லை. கருவாட்டை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அப்போதுதான் பி.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) சொன்னது.

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். போகாத நாளுக்குக் காசு இல்லை. 14 நாள் வீட்டுக்குள் இருந்தால் 14 நாள் சம்பளம் இல்லை. வீட்டில் நாலு பேர். மற்றது, பெயரைக் கொடுத்தால் பஸ் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போய் ஆமி முகாமில் விடுவார்கள் என்று பயம். எங்கள் ஊரில் பஸ் வந்து ஆட்களை ஏற்றுகிறது என்றால் அது வேறு மாதிரி ஞாபகங்கள்.

என்னோடு சாப்பிட்ட ஒரு அம்மாவுக்கும் வந்தது. அவ தப்பிவிட்டா. ஆனால் எனக்கு அது மனதில் இருக்கிறது.

உங்கள் கடதாசியில், காய்ச்சல் என்று சொன்னால் அன்றைக்கும் சம்பளம் உண்டு என்று ஒரு வரி இருந்தால் நான் முதல் நாளே சொல்லியிருப்பேன்.

ஈரமண் | ஓகஸ்ட் 22, இரவு 8.30

அண்ணை, நன்றி. நான் எழுதி வைத்திருந்ததில் “காய்ச்சல் இருந்தால் வேலைக்கு வரக்கூடாது” என்பது மூன்றாவது வரி. சம்பளம் பற்றி எந்த வரியும் இல்லை. முழுதும் திருப்பி எழுதுகிறேன். பணிப்பாளரோடு இரவே கதைக்கிறேன்.

வேப்பநிழல் | ஓகஸ்ட் 22, இரவு 8.47

அந்த நெற்றி மெசினைப் பற்றி: வெயிலில் சயிக்கிள் ஓடி வந்தவருக்கு அது வெயிலைத்தான் காட்டும், பனடோல் போட்டவருக்குப் பனடோலைத்தான் காட்டும். வாசலில் மெசின் பிடிப்பதைவிட, காலையில் வீட்டிலிருந்து புறப்பட முதல் போன் எடுத்துச் சொல்வதுதான் வேலைக்கு ஆகும். அதற்கு நாட்சம்பளம் சொன்ன வரி வேண்டும். அந்த வரி இல்லாமல் மற்றதெல்லாம் சுவரில் ஒட்டுகிற கடதாசி.

கோப்புக்கட்டு | ஓகஸ்ட் 22, இரவு 9.20

நிருவாகப் பக்கம் வேலை. பணிப்பாளர் “எந்தத் தலைப்பில் கொடுப்பது” என்றுதான் முதலில் கேட்பார், அதற்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். பயணச் செலவுக்கு ஒதுக்கிய காசு இந்த இரண்டு மாதம் செலவாகப் போவதில்லை. அதை நாட்சம்பளத்துக்கு மாற்றக் காசு தந்தவர்களிடம் ஒரு மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், கேட்காமல் மாற்றினால்தான் கணக்காய்வில் மாட்டும். சம்பளத்தை மாத முடிவு வரை வைக்காமல் கிழமைக்குக் கிழமை கொடுங்கள். கடையில் கடன் கொடுக்கிற காலம் இல்லை இது.

வரவுப் புத்தகத்தில் சுகமில்லாதவருக்குச் சிவப்பு மை வேண்டாம். மற்றவர்கள் பார்க்கிற புத்தகம் அது.

வழிக் கடிதம்: பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், எங்கிருந்து எங்கே, எந்தத் திகதிகள், கூப்பிட்டுக் கேட்க ஒரு போன் இலக்கம். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தாளில் அடியுங்கள். தமிழில் மட்டும் கொண்டுபோனால் சோதனைச் சாவடியில் நிற்கிற பெடியனுக்கு வாசிக்கத் தெரியாது, அவன் மேலதிகாரி வரும் வரைக்கும் உங்கள் ஆள் வெயிலில் நிற்க வேண்டும். மூலப் பிரதி அவர் கையில், போட்டோப் பிரதி வாகனத்தில்.

முறிகண்டியான் | ஓகஸ்ட் 22, இரவு 9.41

பார்வையாளர் பதிவுப் புத்தகமும் வைப்பீர்கள்தானே. யார் யாரோடு நின்றார் என்று தேவைதான். ஆனால் வன்னிச் சனம் பட்டியல் என்றாலே யோசிக்கும். எத்தனை பேர் எத்தனை தரம் வந்து பெயரெழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்! பெயர், போன் இலக்கம், திகதி, அவ்வளவு போதும். எதற்கு எழுதுகிறோம், யார் பார்ப்பார்கள் என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். 14 நாள் கடந்த தாளைக் கிழித்து எரியுங்கள், அதைக் காவலாளி முன்னால் எரியுங்கள். ஊருக்குத் தானாகப் போய்ச் சேரும்.

மருந்துக்காரி | ஓகஸ்ட் 23, காலை 5.50

தாதியாக இருக்கிறேன், இரவுக் கடமை முடிந்து எழுதுகிறேன், சுருக்கமாக.

வயல் வேலை செய்பவருக்குக் காய்ச்சல் என்றால் எல்லாமே கொரோனா இல்லை. எலிக்காய்ச்சல் இருக்கிறது, அதுவும் சேற்றில் நிற்கிற ஆட்களுக்கு. கெண்டைக்காலில் நோ, கண் சிவப்பு, சலம் குறைவது என்றால் வீட்டில் 14 நாள் பொத்திக்கொண்டு இருக்க விடவேண்டாம். சிறுநீரகம் போய்விடும். ஆஸ்பத்திரியில் “நான் வயலுக்குள் வேலை செய்கிறேன்” என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். நாங்கள் கேட்க மறந்தாலும் சொல்ல வேண்டும். அறுவடைக்கு முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் தடுப்புக் குளிசை பற்றிச் சொல்வார்கள். காலில் புண் உள்ளவரைச் சேற்றுக்குள் இறக்க வேண்டாம்.

விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி ஒன்று நிலையம் வாங்கி வைக்கட்டும், தேவையான வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகச்சாயம் இருந்தால் துடைத்துவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். 94க்குக் கீழே நின்றால் விடியட்டும் என்று பார்க்காமல் 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம். வீட்டு அடையாளத்தைச் சொல்லப் பழகி வைத்திருங்கள். “வைரவர் கோயிலடி” என்றால் கிளிநொச்சியில் எத்தனை வைரவர்!

பழையஆய்வுகூடம் | ஓகஸ்ட் 23, காலை 6.35

கை கழுவ சவர்க்காரம் போதும். சவர்க்காரம் இல்லாத இடத்துக்குத்தான் கைத்தொற்றுநீக்கித் திரவம். கடையில் விலை ஏறினால் நீங்களே செய்யலாம், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இருக்கிறது. 10 லீற்றருக்கு 96 வீத எதனோல் 8,333 மில்லிலீற்றர், 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டு 417, கிளிசரின் 145, மிச்சத்துக்குக் கொதித்தாறிய தண்ணீர். கலந்து மூன்று நாள் மூடி வைத்துவிட்டுத்தான் பாவிக்க வேண்டும். தண்ணீர் விடாத சுத்த எதனோல் இன்னும் நல்லது என்று ஒரு விஞ்ஞானி என்னோடு வாதாடினார். கிருமியின் புரதத்தைக் குலைக்கத் தண்ணீரும் வேண்டும், அதனால்தான் கலவையில் எதனோல் 80 வீதம். மெதனோல் கலந்த ஸ்பிரிட்டைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம். போத்தலில் பெரிதாகப் பெயர் எழுதி, அடுப்படியிலிருந்து தள்ளி வையுங்கள்.

மலசலகூடத்துக்கு 5 வீதக் குளோரின் திரவம் என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். அமிலத்தோடு சேர்த்தால் நச்சு வாயு வரும், அதைத் துப்புரவு செய்கிற பிள்ளைக்கு வாயால் சொல்லுங்கள், கடதாசியில் எழுதிவிட்டு இருக்க வேண்டாம்.

குளக்கட்டுமாணவி | ஓகஸ்ட் 23, காலை 9.15

வீட்டிலிருந்து வேலை பற்றி. எங்கள் வீட்டில் சிக்னல் ஒரு கோடு. சூமில் என் முகம் உறைந்து நிற்பதைப் பார்த்துப் பேராசிரியர் நான் கவனமாகக் கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறார். நல்ல சிக்னல் குளக்கட்டில்தான், மாலை ஐந்து மணிக்கு. அங்கே இருந்துதான் ஒரு அத்தியாயத்தையே அனுப்பினேன், பக்கத்தில் மாடு நின்றது.

தயவுசெய்து எழுதுங்கள்: கூட்டம் கிழமைக்கு ஒன்று, அதுவும் குரல் மட்டும். மற்றதெல்லாம் வாட்ஸ்அப் குரல் பதிவு, நேரம் கிடைக்கும்போது கேட்கலாம். தரவுகள் ஆய்வுகூடக் கணினியில் மட்டும் இருந்தால் இன்றைக்கே இரண்டு வன்தட்டில் பிரதி எடுங்கள். களக் கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் பிடியுங்கள். மழையில் நனைந்த கொப்பி ஒன்றுக்காக நான் அழுதிருக்கிறேன்.

விடுதியில் நிற்கிற இரண்டு பேருக்கும் யார் சாப்பாடு, யார் ஒரு நாளைக்கு ஒருக்கா போன் எடுப்பார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். “மாணவர் நலன் கவனிக்கப்படும்” என்றால் ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள். மூன்று நாள் பாணும் சம்பலும் சாப்பிட்ட அனுபவம் பேசுகிறது.

வரம்பு | ஓகஸ்ட் 23, காலை 10.02

போனில் கணக்கெடுப்பு செய்யலாம். ஆனால் காலையில் எடுக்காதே, தண்ணீர் கட்டுகிற நேரம். இரவு ஏழுக்கு மேல். 45 கேள்வியை 12 ஆக வெட்டு. போன் மகனிடம் இருக்கும், நிலம் அம்மாவின் பெயரில் இருக்கும், யாரோடு கதைக்கிறோம் என்று தெளிவாகக் கேள். சம்மதத்தை அவர் வாயால் சொல்லவைத்துத் திகதியோடு எழுதிக்கொள். அவருடைய நேரத்துக்கு ஒரு சிறிய றீலோட் போட்டுவிடு. வீட்டில் யாருக்கும் வருத்தமா என்று ஆய்வுக்காகக் கேட்காதே. அதைக் கேட்டால் அடுத்த முறை போனே எடுக்கமாட்டார்கள்.

ஈரமண் | ஓகஸ்ட் 23, மாலை 4.20

பணிப்பாளர் கையெழுத்து வைத்துவிட்டார். ஒன்றரைப் பக்கம் வந்தது. முதற்பகுதியை அப்படியே போடுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்:

“காய்ச்சல், இருமல், தொண்டை நோ, மணம் தெரியாமை இருந்தால் வீட்டில் நில்லுங்கள். காலை 6.30க்கு முதல் அலுவலகத்துக்குப் போன் எடுங்கள். அன்றைய சம்பளமும், தனிமைப்படுத்தலில் இருக்கும் நாட்களின் சம்பளமும் உங்களுக்கு உண்டு. வீட்டில் வேறு யாருக்கும் இருந்தாலும் இதுவே. ஏன் வரவில்லை என்று யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். வயலில் வேலை செய்தவர் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.”

அதன் பிறகுதான் அணிகள், யன்னல், தேத்தண்ணி எல்லாம். தேத்தண்ணி இனி மாமரத்தின் கீழ். விடுதிச் சாப்பாட்டுக்கு என் பெயரையே போட்டுவிட்டார்கள், குளக்கட்டுமாணவிக்கு நன்றி.

ஒரு சண்டையும் நடந்தது. சம்பள வரியை “சூழ்நிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்” என்று மாற்றலாமே என்று ஒருவர் கேட்டார். அப்படி மாற்றினால் காவலாளி அண்ணைக்கு வாசித்துக் காட்டும்போது நான் என்ன சொல்லி விளக்குவது என்று கேட்டேன். விட்டுவிட்டார்கள்.

கோப்புக்கட்டு | ஓகஸ்ட் 23, மாலை 4.45

“இருக்கும் நாட்களின்” என்பதற்குப் பதிலாக “14 நாட்கள் வரை” என்று போடுங்கள். நாளைக்கு யாரும் குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது.

ஈரமண் | ஓகஸ்ட் 27, இரவு 8.10

செப்ரெம்பர் 6 வரை நீட்டியாச்சு. முறிகண்டி அண்ணை சொன்னது சரி.

இரண்டு செய்தி. புதன் இரவு ஐந்து மணித்தியாலம் கரண்ட் இல்லை. காவலாளி அண்ணை ஜெனரேற்றரைப் போட்டுவிட்டு எனக்கு அழைத்தார். வியாழன் போய்ப் பார்த்தேன், குற்றி மேலேயே இருக்கிறது.

மற்றது, நேற்றுக் காலை 6.10க்கு ஒருவர் அழைத்து, “பிள்ளை, தொண்டை நோகுது, நான் வரவில்லை” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அணியில் மற்ற நாலு பேரையும் வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டோம், இரண்டாவது அணி அறுவடைக்கு இறங்குகிறது. ஆள் குறைவு. 14 தட்டு மிச்சம்.

நாட்சம்பளம் | ஓகஸ்ட் 27, இரவு 8.26

எனக்குத் திங்கள் வேலை இல்லை, இரண்டு ஊசியும் போட்டாச்சு. உங்கள் இடம் எது என்று தனியாகச் சொன்னால் வருகிறேன். அரிவாள் கொண்டுவருவேன். சாக்கு இருக்கிறதா?

ஈரமண் | ஓகஸ்ட் 27, இரவு 8.31

சாக்கு இருக்கிறது அண்ணை, பழைய யூரியாப் பைகள். தண்ணீர்ப் போத்தல் மட்டும் உங்களுடையதைக் கொண்டுவாருங்கள்.